மழை கூடும், தண்ணீர் குறையும்: இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்?

4 மார்ச் 2025, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

வெப்பம் கூடினால் கடல்நீர் அதிகமாக ஆவியாகும். ஆவியானது மழையாகத் திரும்பித்தானே ஆக வேண்டும்? கரியமில வாயு பயிருக்கு உணவு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆக, மழையும் கூடுகிறது, பயிரின் உணவும் கூடுகிறது. குளிரால் உழ முடியாமல் கிடந்த வட துருவத்தை ஒட்டிய நிலங்களும் இனி விளைநிலம் ஆகலாம். இப்படியிருக்க, பருவநிலை மாற்றத்தால் உணவும் நீரும் குறையும் என்பவர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்? அச்சமூட்டாமல் கணக்கை மட்டும் யாராவது விளக்குவீர்களா?

4 மார்ச் 2025, இரவு

கேள்வியின் முதல் பாதியில் பிழை இல்லை. உலகம் முழுவதையும் ஒரே வயலாகக் கொண்டால், வெப்பம் கூடும்போது மழை கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கிளாபெரோன், கிளாசியஸ் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட இயற்பியல் இது. ஆனால் அதே 1 டிகிரிக்கு உலகின் மொத்த மழை 1 முதல் 3 சதவீதம் மட்டுமே கூடுகிறது, ஏனென்றால் நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும், அப்படி அனுப்பும் வேகம் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கனமழை நாளில் காற்றிலுள்ள ஈரம் ஏறக்குறைய முழுவதும் பிழியப்படுவதால், அன்றைய மழை 7 சதவீதத்தை ஒட்டிக் கூடுகிறது. ஆண்டின் மொத்தமோ 2 சதவீத அளவில்தான் கூடுகிறது. அப்படியானால் இடைவெளியை எது ஈடுகட்டுகிறது? மிதமாகப் பெய்யும் நாட்கள்தான். அவற்றின் எண்ணிக்கை குறைகிறது, அல்லது இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட நாட்கள் நீள்கின்றன. அந்த இடைப்பட்ட நாட்களில் வெப்பமான காற்றுக்கு அதே 7 சதவீதம் கூடுதலாகத் தாகம் எடுக்கிறது. மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தை அது முன்னைவிட விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. பயிரும் நிலத்தடி நீரும் நம்பியிருப்பது அந்த மிதமான மழையைத்தான்.

6 மார்ச் 2025

எண்ணாக மட்டும் சொன்னால் எனக்கே நம்பிக்கை வருவதில்லை என்பதால், என் மழைக் குறிப்பேட்டை நேற்று எடுத்துப் புரட்டினேன். பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் மழைமானியைப் பார்த்து எழுதிவருகிறேன். இரண்டு ஆண்டுகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் முதல் ஆண்டில் பக்கமெல்லாம் சிறு சிறு எண்கள் நிரம்பியிருந்தன. இரண்டாவதில் நீண்ட வெற்றுக் கட்டங்களுக்கு நடுவே தடித்த எண்கள் சில நின்றன, ஆண்டு மழையின் கால் பங்குக்கு மேல் அடுத்தடுத்த இரண்டே நாட்களில் கொட்டியிருந்தது. அந்த இரண்டாம் ஆண்டில்தான் கிணறு முன்கூட்டியே வற்றியது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆண்டின் இறுதிப் பக்கத்தில் நான் எழுதிவைத்திருந்த குறிப்பு, "மழை சராசரி, கவலை இல்லை" என்பது.

இரண்டு நாள் பட்டினி கிடந்து மூன்றாம் நாள் மூன்று மடங்கு உண்பவனுக்கும் சராசரியில் குறை இராது. அவன் வயிற்றைக் கேட்டால்தான் வேறு கணக்கு வரும்.

பதினொரு ஆண்டுகள் ஒரு மழைமானி காட்டியதை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இந்தக் குறிப்பேடு போதாது. மொத்தம் மாறாமலேயே தண்ணீர் மாறிப்போக முடியும் என்பதை மட்டுமே அது எனக்குக் காட்டியது.

7 மார்ச் 2025

திருத்தம். "நிலத்தடி நீரும் மிதமான மழையைத்தான் நம்பியிருக்கிறது" என்று நான்காம் தேதி எழுதியதை அப்படியே விட முடியாது. வறண்ட நிலங்களில் நிலைமை நேர்மாறாகவும் இருக்கிறது. தான்சானியாவின் மகுடப்போரா கிணற்று வயலில் 55 ஆண்டுகளாக அளந்த நீர்மட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அங்கே நிலத்தடி நீர் நிரம்புவது எப்போதோ ஒருமுறை வரும் பெருமழைகளால்தான் என்று காட்டியது. சிறு மழை அங்கே மேல்மண்ணைத் தாண்டுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. எனவே பெருமழை எங்கும் வீணாகிறது என்று பொதுமைப்படுத்தக் கூடாது. மண், சரிவு, மூடுபயிர் ஆகியவற்றைப் பொறுத்தே விடை மாறும். என் கிணற்றை உலகக் கிணறாக எண்ணியது என் தவறு.

15 மார்ச் 2025

இனிக் கேள்வியின் இரண்டாம் பாதி: கரியமில வாயு பயிருக்கு உணவாயிற்றே என்பது. இதைக் கேலி செய்து ஒதுக்குபவர்கள் பலர் உண்டு. ஆனால் இது உண்மை. கோதுமை, நெல், சோயா போன்ற பயிர்கள் காற்றில் கரியமில வாயு கூடும்போது ஒளிச்சேர்க்கையை விரைவாகச் செய்கின்றன. மேலும் இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தாலே போதும் என்பதால் அவை விடும் நீராவியும் குறைகிறது. மக்காச்சோளம், சோளம், கரும்பு போன்றவை தம் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைச் செறிவூட்டிக்கொள்ளும் வேறு வகை. ஈரம் போதுமான அளவு இருக்கும்போது அவற்றுக்கு இந்தக் கூடுதல் வாயுவால் பெரிய ஆதாயம் இல்லை, வறட்சியில் மட்டும் சற்று உதவுகிறது. வரவு உண்டு என்பதை எழுதிவிட்டேன், செலவையும் எழுத வேண்டும்.

திறந்த வயலில் பயிரைச் சுற்றிக் குழாய்களை அமைத்து, கரியமில வாயுவின் செறிவை 546 முதல் 586 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு) வரை உயர்த்தி வளர்த்துப் பார்த்த சோதனைகளின் தொகுப்பு 2014இல் வெளியானது. அந்தக் காற்றில் விளைந்த கோதுமை மணிகளில் துத்தநாகம் 9.3 சதவீதமும் இரும்புச்சத்து 5.1 சதவீதமும் குறைந்திருந்தன. நெல்லில் புரதம் 7.8 சதவீதம் குறைந்திருந்தது. விளைச்சல் கூடியபோதும் சத்து நீர்த்துப்போகிறது. இப்போதைய செறிவு 420ஐத் தாண்டிவிட்டது, தொழிற்புரட்சிக்கு முன் அது 280ஆக இருந்தது. இன்று பிறக்கும் குழந்தை நடுவயதை எட்டும்போது அந்தச் சோதனை வயலின் காற்றையே எல்லோரும் சுவாசிக்கக்கூடும். துத்தநாகமும் இரும்பும் தானியத்திலிருந்தே கிடைத்தாக வேண்டிய ஏழைகளின் உணவில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மூட்டையை எடை போட்டுப் பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

16 மார்ச் 2025

"அப்படியென்றால் கூடுதலாக ஒரு கவளம் உண்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்டிருந்த நண்பருக்கு: துத்தநாகம் சரியாகலாம், இடுப்பளவு சரியாகாது.

2 ஏப்ரல் 2025

வெப்பத்தைப் பற்றி எழுதும்போது எல்லோரும் பயிர் வாடுவதை மட்டுமே பேசுகிறார்கள். வாடிய பயிர் தண்ணீர் விட்டால் நிமிரும். நிமிராத சேதம் ஒன்று உண்டு, அது பூக்கும் நேரத்தில் நிகழ்கிறது.

என் தொட்டிகளில் தக்காளி வளர்த்தபோது இதை நேரில் கண்டேன். செடிகள் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் பூக்களால் நிறைந்திருந்தன. தண்ணீர் ஒருநாளும் தவறவில்லை. ஒரு வாரம் கடும் வெப்பம் நீடித்தது. காலையில் தொட்டிகளுக்கு அடியில் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. உரம் போதவில்லை என்று நினைத்து உரமிட்டேன், இலைகள் இன்னும் பெரிதாயின, காய் ஒன்றும் பிடிக்கவில்லை. மகரந்தம் வெப்பத்தில் செத்துவிட்டது என்பதை அடுத்த ஆண்டுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உரத்துக்குச் செலவழித்ததை இப்போதும் வெளியே சொல்வதில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நெல்லிலும் இதே கதைதான். பூ விரியும் அந்த ஒரு மணி நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் சூல்முடியைச் சேர்ந்தும் பயனில்லாமல் போகிறது, கதிர் பதராகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் வயல் பச்சையாகவே தெரியும், அறுத்துத் தூற்றும்போதுதான் இழப்பு தெரியும். அமெரிக்க வட்டார விளைச்சல் பதிவுகளை வைத்து ஷ்லெங்கர், ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு வகையில் காட்டியது: மக்காச்சோளத்துக்கு 29 டிகிரி, சோயாவுக்கு 30 டிகிரி, பருத்திக்கு 32 டிகிரி வரை வெப்பம் நன்மை செய்கிறது, அதற்கு மேல் விளைச்சல் செங்குத்தாகச் சரிகிறது. ஏறும்போது மெல்ல ஏறி, இறங்கும்போது விழும் கோடு அது. எனவே "சராசரி 1 டிகிரிதானே கூடியது" என்ற வாதம் பயிரிடம் செல்லாது. அந்த 1 டிகிரி, எல்லையைத் தாண்டும் மணி நேரங்களை எவ்வளவு கூட்டுகிறது என்பதைத்தான் பயிர் அனுபவிக்கிறது.

இரவு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணைப் பதிவுகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைவதைக் கண்டது. பகலில் சேர்த்ததைப் பயிர் இரவில் மூச்சாக விட்டுத் தீர்க்கிறது என்பது ஒரு விளக்கம்.

3 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு. உலக அளவிலான எண்ணைக் கேட்டிருந்தார்கள். பல வகை முறைகளில் செய்த கணிப்புகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, உலகச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது மக்காச்சோளம் 7.4, கோதுமை 6.0, நெல் 3.2, சோயா 3.1 சதவீதம் குறையும். இவை கரியமில வாயுவின் நன்மையையும் உழவர்கள் செய்துகொள்ளும் மாற்றங்களையும் கழித்துக்கொள்ளாத எண்கள் என்பதைச் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். சேர்க்காமல் காட்டினால், கேள்வி கேட்ட வாசகர் நம்மைச் சரியாகவே பிடித்துக்கொள்வார்.

21 ஏப்ரல் 2025

மலைப்பனியைப் பற்றி. ஆசியாவின் பெரிய ஆறுகள் எல்லாம் பனியாறுகள் உருகுவதால்தான் ஓடுகின்றன. பனியாறுகள் கரைந்து முடிந்ததும் இந்த ஆறுகள் வற்றிவிடும், அவற்றை நம்பிய நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் பாசனமும் நின்றுவிடும்.

23 ஏப்ரல் 2025

மேலே உள்ள குறிப்பை நீக்காமல் விட்டிருக்கிறேன், பாதி உண்மையை முழு உண்மையாக எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் ஓடுவதில் பெரும்பங்கு பருவமழை நீர். சிந்து நதி வேறு: அதன் மேல்படுகையில் பனிப்படிவும் பனியாறும் உருகி வரும் நீர், கீழ்ச் சமவெளியில் இயல்பாகக் கிடைக்கும் நீரைவிட அதிகம். ஒரே மலைத்தொடரில் பிறந்தாலும் மூன்றும் ஒரே ஆறு அல்ல. இப்படி அவசரப்பட்டவன் நான் மட்டும் இல்லை. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று, பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2007 அறிக்கையில் எழுதி, 2010 ஜனவரியில் அது பிழை என்று ஒப்புக்கொண்டது.

அடுத்த பிழை, "கரைந்து முடிந்ததும் வற்றும்" என்றது. பனியாறு கரையத் தொடங்கும்போது ஆற்றில் நீர் முதலில் கூடும். உருகும் வேகம் கூடுவதும் உருகுவதற்கான பனி சுருங்குவதும் ஒன்றையொன்று சமன்செய்யும் ஆண்டில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்காண்டு குறையும். பெருவின் சாந்தா ஆற்றுப் படுகையில் பல ஓடைகள் அந்த உச்சத்தை ஏற்கெனவே கடந்துவிட்டதாக 2012இல் கணக்கிட்டார்கள். பொலிவியாவின் சகால்தாயா பனியாறு 2009இல் முற்றிலும் மறைந்தே போனது. ஒரு காலத்தில் அங்கே பனிச்சறுக்கு விளையாடினார்கள்.

இந்த உச்சம்தான் என்னை உறுத்துகிறது. நீர் கூடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து இருபது ஆண்டுகளில் வாய்க்காலை நீட்டுவார்கள், புதிய நிலத்தை உழவுக்குக் கொண்டுவருவார்கள், அணை கட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறதே. 2000 முதல் 2019 வரை உலகின் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் பனியை இழந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இழப்பு, கீழே இருப்பவர்களின் கணக்கில் வரவாக எழுதப்பட்டிருக்கிறது.

11 மே 2025

மேலே சொன்ன தவறான வரவுக்கு எழுத்துப் பூர்வமான சான்று ஒன்று இருக்கிறது, அதனால் சற்று விரித்தே எழுதுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள 1922 நவம்பரில் ஓர் உடன்படிக்கை செய்தன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. பின்னர் 1944இல் செய்த ஒப்பந்தத்தால் மெக்சிகோவுக்கு 15 லட்சம். ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர், சுமார் 12 லட்சம் லிட்டர். உடன்படிக்கை செய்தவர்கள் கையில் இருந்த சில ஆண்டு அளவீடுகள் வழக்கத்தைவிட மிக ஈரமான காலத்தவை. 1970களில் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், அவர்கள் பங்கிட்ட ஆறு பல நூற்றாண்டுகளில் அரிதாக மட்டுமே அந்த அளவுக்கு ஓடியது என்று கண்டுபிடித்தார்கள். ஆற்றில் இல்லாத நீரைக் காகிதத்தில் பகிர்ந்துகொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இது பருவநிலை மாற்றத்தின் வேலையில்லை, கணக்குப் பிழைதானே" என்று ஒருவர் எழுதலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2000க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆற்றின் நீரோட்டம் இருபதாம் நூற்றாண்டுச் சராசரியைவிட 19 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மழைக் குறைவால் வந்ததல்ல, வெப்பத்தால் மட்டுமே வந்தது என்று உடால், ஓவர்பெக் ஆகிய இருவரும் 2017இல் காட்டினார்கள். வெப்பம் தனியாக எப்படி ஆற்றைக் குறைக்கும் என்பதை 2020இல் வந்த இன்னோர் ஆய்வு விளக்குகிறது: மலைமேல் வெண்பனி இருக்கும்வரை சூரிய ஒளி திருப்பி அனுப்பப்படுகிறது, பனி முன்கூட்டியே உருகிக் கருநிலம் தெரிந்ததும் அது வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஆற்றுக்கு வரவேண்டிய நீர் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. அவர்கள் கணக்கில் 1 டிகிரிக்கு 9.3 சதவீத நீரோட்டம் குறைகிறது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் கீழ்ப்படுகைக்கு வரலாற்றில் முதன்முறையாக அதிகாரபூர்வப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

பழைய கணக்குப் பிழையும் புதிய வெப்பமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன, நடப்பது இதுதான். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் பேசுகிறவர்களிடம், அவர்கள் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், எனக்கு இப்போது பொறுமை குறைந்துவிட்டது.

30 மே 2025

கடலோரக் கிணறுகள் ஏன் உப்பாகின்றன என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை. கடலோர மணலுக்குள் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடியில் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் ஆகியோர் தந்த விதி. அந்த 1 மீட்டரை இறைத்து அரை மீட்டர் ஆக்கினால் அடியில் இருப்பது 20 மீட்டராகிவிடும். கடல் மட்டம் உயர்வதும் கிணற்றில் அதிகம் இறைப்பதும் ஒரே தராசுத் தட்டில் வைக்கும் எடைகள். இன்றைய பெரும்பாலான இடங்களில் இறைப்பதுதான் கனமான எடை, கடல் இன்னும் பின்தங்கியே வருகிறது.

18 ஜூன் 2025

"ஓரிடத்தில் விளையாவிட்டால் இன்னோரிடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்குத்தானே வணிகம்" என்ற மறுமொழி வந்திருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இது உண்மை, பஞ்சங்கள் குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் மோசமான ஆண்டில் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. 2010 கோடையில் ரஷ்யாவில் வெப்ப அலையும் வறட்சியும் சேர்ந்து தானிய விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தன; ஆகஸ்ட் நடுவிலேயே தானிய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2022 மார்ச்சில் இந்தியாவில் கோதுமை மணி பால்பிடிக்கும் நேரத்தில் கடும் வெப்பம் தாக்கியது, மே மாதத்தில் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. தன் மக்களுக்கு முதலில் என்று எந்த அரசும் நினைக்கும். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்கித்தான் உண்ண வேண்டிய நாட்டில் விலை ஏறுவது, தன் வயலில் ஒரு குறையும் இல்லாதபோதே நடந்துவிடுகிறது.

கொண்டுவரும் வழிக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை நான் 2023 வரை யோசித்ததே இல்லை. பனாமா கால்வாயில் ஒரு கப்பல் கடக்க, காத்தூன் ஏரியிலிருந்து சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குள் விடப்படுகிறது. அந்த ஆண்டின் வறட்சியில் நாளொன்றுக்கு 36ஆக இருந்த கப்பல்களின் எண்ணிக்கையை 24க்கும் கீழே குறைக்க நேர்ந்தது; வரிசையில் நின்றவற்றில் தானியக் கப்பல்களும் இருந்தன. நியாயத்துக்காக ஒன்றையும் சேர்க்கிறேன்: அந்த வறட்சிக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோதான் முதன்மைக் காரணம் என்று ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். பருவநிலை மாற்றத்தின் பெயரில் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டாம்.

9 ஜூலை 2025

இந்த இழையிலேயே வேறொருவருக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பரிந்துரைத்திருந்தேன். இப்போது எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. வாய்க்காலில் பாய்ச்சும்போது "வீணாகும்" நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்குப் போய்க் கீழே உள்ளவரின் கிணற்றில் ஊறுகிறது, இன்னொரு பகுதி வடிகாலாக ஆற்றுக்குத் திரும்புகிறது. சொட்டுநீர்க் குழாய் அந்த இரண்டையும் நிறுத்திவிடுகிறது. மிச்சமான நீரை உழவர் ஆற்றிலேயே விட்டுவைப்பதில்லை, கூடுதல் நிலத்தை நனைக்கிறார் அல்லது அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுகிறார். முடிவில் அவர் விளைச்சல் கூடுகிறது, படுகையில் நீர் குறைகிறது. 2018இல் இதைப் பாசனத் திறனின் முரண் என்று பெயரிட்டே ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகும் உலகில் இது சின்னப் பிழை இல்லை. எடுக்கும் அளவுக்கு வரம்பு வைக்காமல் குழாயை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனி வயலில் அது நல்லதே, என் தொட்டிகளில் இன்னும் அதுதான் சொட்டுகிறது.

5 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்ட வாசகர் ஐந்து மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறார், வெறுங்கையோடு வரவில்லை. சென்ற மாத இறுதியில் வெளியான ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி உலகில் பசியால் வாடுவோர் 2024இல் 67.3 கோடியாகக் குறைந்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டைவிட இது குறைவு. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரியைத் தாண்டிய முதல் நாட்காட்டி ஆண்டும் அதே 2024தான். "வெப்பம் கூடியது, பசி குறைந்தது, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார்.

நல்ல கேள்வி. விளைச்சல் பல பத்தாண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகிறது: விதை, உரம், பாசனம், உழவரின் திறன் ஆகியவற்றால். வெப்பம் அந்த ஏற்றத்தைத் திருப்பிவிடவில்லை, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. 1961 முதல் உலக வேளாண் உற்பத்தித்திறன் வளர்ந்த வளர்ச்சியில், மனிதரால் நேர்ந்த பருவநிலை மாற்றம் ஏறத்தாழ 21 சதவீதத்தைக் குறைத்திருக்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடைசி ஏழு ஆண்டு முன்னேற்றத்தை அப்படியே இழந்ததற்கு அது சமம். எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டுகிறவர் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறார்; காற்றே இல்லை என்று அவர் சொல்லமாட்டார். அதே அறிக்கையில் ஆப்பிரிக்காவின் எண்ணையும் வாசகர் பார்த்திருக்கலாம்: அங்கே பசித்திருப்போர் 30 கோடியைத் தாண்டி, மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகியிருக்கிறார்கள். உலக மொத்தம் குறையும்போதே ஒரு கண்டத்தில் கூடுகிறது. மார்ச் மாதம் மழையைப் பற்றி எழுதிய அதே கணக்கு இங்கே மனிதர்களை வைத்து நடக்கிறது.

6 ஆகஸ்ட் 2025

வடக்கு நிலங்கள் விளைநிலமாகும் என்ற அவருடைய பழைய வாதத்துக்கு நான் விடை எழுதவே இல்லை என்பதை நினைவூட்டியிருக்கிறார். சில இடங்களில் விளைச்சல் கூடுகிறது, கூடும். ஆனால் வெப்பம் வடக்கே நகர்வதுபோல் மண் நகராது. அங்கே பல இடங்களில் மேல்மண் மெலிந்தது, அமிலத்தன்மை உடையது, அல்லது உறைநிலம் இளகிச் சேறாவது. பூச்சிகளோ மண்ணைப்போல் தயங்குவதில்லை: 1 டிகிரிக்கு நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று 2018இல் கணித்திருக்கிறார்கள், மிகுதி மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகளில்தான்.

24 ஆகஸ்ட் 2025

"எல்லாம் இழப்பாகவே சொல்கிறீர்கள்" என்று ஒரு குறை. எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற இரகம், வெள்ளத்தில் முழுகினால் வளராமல் அடங்கி இருந்து, நீர் வடிந்ததும் எழும். அந்தப் பண்புக்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டு, அதைச் சேர்த்து உருவாக்கிய இரகங்கள் இரண்டு வாரம் வரை முழுகினாலும் பிழைக்கின்றன. விளைச்சல் குறைவு என்று கைவிடப்பட்டிருந்தால் அந்த விதை இன்று இல்லை.

விதைகளைக் காக்கும் இடத்துக்கும் வெப்பம் எட்டிப் பார்த்தது. நார்வேயின் ஸ்வால்பார்டில் உறைநிலத்துக்குள் 2008இல் திறந்த விதைப் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் 2016 அக்டோபரில் தண்ணீர் புகுந்து உறைந்தது. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறைநிலம் என்றென்றும் உறைந்திருக்கும் என்று நம்பிக் கட்டிய சுரங்கத்துக்குப் பிறகு நீர்புகாத சுவர் எழுப்பினார்கள்.

13 செப்டம்பர் 2025

குறிப்பேட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இதுவரை தேதி, மழையளவு, ஆண்டின் கூட்டுத்தொகை என்று மூன்று பத்திகள் இருந்தன. இப்போது இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறேன்: கடைசி மழைக்குப் பிறகு எத்தனையாவது நாள், மழை எத்தனை மணி நேரம் நீடித்தது. பழைய பதினொரு ஆண்டுகளுக்கு முதல் பத்தியை எண்ணி நிரப்ப முடிந்தது. இரண்டாவதை எங்கும் நான் எழுதியிருக்கவில்லை. மழைமானியின் புனலில் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்ததையும் இன்று கவனித்தேன், எத்தனை தூறல்களை அது குடித்திருக்கும் என்று தெரியாது. இன்றைய பதிவு: மழை இல்லை, 19ஆம் நாள்.